எம்எல்ஏவுக்குக் கடிதம் எழுதினால் பதில் வருமா?

நம் தொகுதி எம்எல்ஏ, எம்பிக்குத் தபாலில் எழுதுவது பற்றியும் அவர்கள் நமக்கு எழுதுவது பற்றியும் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்தவற்றில் சில இங்கே. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

எங்கள் தெருவில் மழைநீர் வடிகால் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. எம்எல்ஏவை நேரில் பார்த்து மனு கொடுத்தோம், "பார்க்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார், அதோடு சரி. கடிதம் எழுதினால் மட்டும் என்ன நடந்துவிடப் போகிறது?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

நேரில் கொடுத்த மனுவுக்கு என்ன ஆகிறது என்று முதலில் பாருங்கள். கல்யாண வீட்டிலோ கோயில் வாசலிலோ எம்எல்ஏ கையில் கொடுக்கிறோம், அவர் மரியாதையாக வாங்கிப் பக்கத்தில் நிற்கும் உதவியாளரிடம் தருகிறார், அவர் ஏற்கெனவே பத்து மனு திணித்து வைத்திருக்கும் பையில் இதையும் செருகுகிறார். அந்தக் காகிதம் கொடுக்கப்பட்டது என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? தேதி இல்லை, நகல் இல்லை, யார் கையில் இருக்கிறது என்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்டால் "எப்ப கொடுத்தீங்க?" என்ற கேள்விக்கே பதில் சொல்ல முடியாமல் திரும்பி வருவீர்கள்.

தபாலில் போனால் கதை வேறு. தமிழ்நாட்டில் தொகுதிக்குத் தொகுதி சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம் என்று அரசுக் கட்டடமே இருக்கிறது, வீட்டுக்கு அனுப்பாமல் அங்கே அனுப்புங்கள். ஒழுங்காக நடக்கும் அலுவலகமாக இருந்தால் உறையைப் பிரித்து, ஓரத்தில் தேதி போட்டு, நோட்டில் பதிந்து, எந்தத் துறைக்குப் போக வேண்டுமோ அந்த அதிகாரிக்கு எம்எல்ஏவின் லெட்டர் பேடில் ஒரு பரிந்துரை எழுதி, உங்கள் கடிதத்தின் ஜெராக்ஸை அதோடு பின் செய்து அனுப்புவார்கள். "தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்று இரண்டே வரிதான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு வரியின் நகல் உங்கள் கைக்கு வந்துவிட்டால் அடுத்த கதவைத் தட்ட அது போதும். அந்தத் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போட்டு, "இன்ன தேதியில் எம்எல்ஏ அனுப்பிய கடிதத்தின் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். வடிகால் மாநகராட்சி வேலை. கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்டது, 45 வார்டு இருக்கிறது. அதனால் முதல் கடிதம் ஆணையருக்கும் உங்கள் வார்டு கவுன்சிலருக்கும் போகட்டும், அதன் நகலோடு எம்எல்ஏவுக்கு எழுதுங்கள். அதில் என்ன இருக்க வேண்டும் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள், இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"ஐயா, எங்கள் தெருவில் 40 வீடுகள் உள்ளன. தெருவின் கிழக்கு முனையில் வடிகால் சிறு பாலத்துக்கு அடியில் மண் அடைத்திருப்பதால் ஒரு மணி நேர மழைக்கே 12 வீடுகளுக்குள் தண்ணீர் புகுகிறது. மாநகராட்சி ஆணையருக்கு இன்ன தேதியில் எழுதினோம், நகல் இணைப்பு. வடகிழக்குப் பருவமழைக்கு முன் பாலத்தடி மண்ணை அகற்றச் சொல்லி ஆணையரிடம் நீங்கள் கேட்க வேண்டும், அவர் தரும் பதிலை எங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்."

கடைசி வரிதான் முக்கியம். நம் மனுக்களில் முக்கால்வாசி "ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடிகின்றன. யார், யாரிடம், எதற்குள், என்ன செய்ய வேண்டும் என்பது எதுவுமே அதில் இல்லை. படிக்கிறவர் என்னதான் செய்வார்? எழுத்தில் பதில் வேண்டும் என்று கேளுங்கள், தயங்கவே வேண்டாம். அது சலுகை இல்லை.

கடிதத்துக்குப் பதில் போட வேண்டும் என்று எம்எல்ஏ, எம்பிக்குச் சட்டம் ஏதாவது இருக்கிறதா? தபால் செலவுக்குப் பணம் தருகிறார்களாமே?
– ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், சிதம்பரம்

பதில் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை ஐயா. ஆனால் பணம் தருகிறார்கள். தமிழ்நாட்டில் 2017 ஜூலை முதல் எம்எல்ஏவின் மாதச் சம்பளமும் படிகளும் சேர்ந்து 1,05,000 ரூபாய் ஆனபோது, தொகுதிப் படி, தொலைபேசிப் படி என்று பிரித்ததில் அஞ்சல் படி என்று 2,500 ரூபாய் தனியாகவே இருந்தது. எம்பிக்களுக்கு 2018-ல் அலுவலகச் செலவுப் படியை 60,000 ஆக உயர்த்தியபோது அதில் 20,000 ரூபாய் எழுதுபொருளுக்கும் தபாலுக்கும் என்று ஒதுக்கினார்கள்.

இந்தத் தொகையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2,500 ரூபாய்க்கு 50 பைசா போஸ்ட் கார்டு 5,000 வாங்கலாம், 5 ரூபாய் உறை என்றால் 500. தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்குச் சராசரியாக இரண்டு லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள் இருக்கிறார்கள். ஆக எல்லா வீட்டுக்கும் கடிதம் போட இந்தப் பணம் காணாது. ஆனால் எழுதியவர்களுக்குப் பதில் போட தாராளமாகப் போதும். ஒரு மாதத்தில் ஐந்நூறு பேரா எம்எல்ஏவுக்குத் தபாலில் எழுதுகிறார்கள்? போஸ்ட் கார்டில் "உங்கள் கடிதம் கிடைத்தது, இன்ன அதிகாரிக்கு அனுப்பியிருக்கிறேன்" என்று எழுத அரை ரூபாய்தான் செலவு. அதைச் செய்யாமல் இருப்பதற்குப் பணமில்லை என்பதைக் காரணமாக ஏற்கவே முடியாது என்பது என் கருத்து, இதில் எனக்குக் கோபமே உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது, இது அதிகம் பேருக்குத் தெரியாது. எம்பி ஒருவர் மத்திய அரசு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினால் 15 நாளுக்குள் கிடைத்ததாக ஒப்புதல் தர வேண்டும், அடுத்த 15 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்று மத்திய அரசின் பணியாளர் துறை வழிகாட்டுதலே இருக்கிறது. நீங்களும் நானும் ரயில்வேக்கு எழுதினால் இந்தக் கெடு கிடையாது. அதனால் ரயில், பாஸ்போர்ட், தேசிய நெடுஞ்சாலை, தபால் அலுவலகம் என்று மத்திய அரசு சம்பந்தப்பட்டது எதுவாக இருந்தாலும் எம்பி வழியாக எழுத வைப்பதில் பலன் உண்டு. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரயில் நிற்க வேண்டும் என்று எம்எல்ஏவிடம் மனு கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் முகவரியை மாற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம், கடலூர் மாவட்டத்து ஒன்பது தொகுதியும் ஒரே எம்பிக்குக் கீழ் வருவதில்லை. சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோவில் மூன்றும் சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் சேரும், மற்ற ஆறும் கடலூரில் சேரும். உறை மேல் எழுதுமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அங்கே அவர்கள் பகுதி காங்கிரஸ் (அந்த நாட்டு நாடாளுமன்றம்) உறுப்பினரிடமிருந்து தபால்தலையே இல்லாமல் கடிதம் வருகிறதாம், ஸ்டாம்ப் ஒட்டும் இடத்தில் கையெழுத்து அச்சாகியிருக்கிறதாம். நிஜமா?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

நிஜம்தான் அம்மா. அந்தக் கையெழுத்துதான் அங்கே தபால்தலை. 1775-லேயே, நாடு விடுதலை அறிவிப்பதற்கு முன்பே ஆரம்பித்த வழக்கம். மக்கள் தங்கள் பிரதிநிதி என்ன செய்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத் தபால் செலவு தடையாக இருக்கக் கூடாது என்பது அதன் நியாயம். ரொம்பவும் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 1873-ல் நிறுத்திப் பார்த்தார்கள், பிறகு அந்த நூற்றாண்டு முடிவதற்குள் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். தபால்காரர் இலவசமாகச் சுமக்கிறார் என்று அர்த்தமில்லை, நாடாளுமன்ற நிதியிலிருந்து தபால் துறைக்குப் பணம் போகிறது.

எனக்குப் பிடித்தது அதற்கு அவர்கள் போட்டிருக்கும் கட்டுப்பாடுதான். ஓட்டுக் கேட்கக் கூடாது, கட்சிக்கு நிதி கேட்கக் கூடாது, பண்டிகை வாழ்த்து அனுப்பக் கூடாது. ஒரே மாதிரிக் கடிதத்தை 500 பேருக்கு மேல் அனுப்பினால் அதற்குத் தனி விதிகள் உண்டு, அரசுப் பணத்தில் அனுப்பப்பட்டது என்று அந்தக் கடிதத்திலேயே அச்சடிக்க வேண்டும், அவர் போட்டியிடும் தேர்தலுக்கு 60 நாள் முன்பிருந்து அப்படி மொத்தமாக அனுப்பவே முடியாது. நீங்களாக எழுதிக் கேட்ட கேள்விக்குப் பதில் போடுவதற்கு மட்டும் அந்தத் தடை இல்லை.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் எம்பிக்கள் உறை மேல் கையெழுத்துப் போட்டு இலவசமாக அனுப்பினார்கள், வேண்டியவர்களுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததில் அது கெட்ட பெயர் எடுத்து, 1840-ல் ஒரு பென்னி தபால் வந்தபோது ஒழிந்தது. கனடாவில் இதன் மறுபக்கமும் இருக்கிறது: நாடாளுமன்ற முகவரிக்குத் தன் எம்பிக்கு எழுதும் குடிமகனும் தபால்தலை ஒட்ட வேண்டியதில்லை. இதை நம் ஊரிலும் கொண்டுவரலாம் என்று நினைக்கிறேன். எம்எல்ஏவுக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் முதியோர் ஓய்வூதியம் நின்றுபோனவர்களும் ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனவர்களும்தானே.

பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் எங்கள் பகுதிப் பிரமுகரிடமிருந்து வண்ண அட்டையில் வாழ்த்து வருகிறது. தேர்தல் நேரத்தில் கடிதமும் வருகிறது. இதெல்லாம் யார் காசு?
– வாசகர், பண்ருட்டி

சொந்தக் காசோ கட்சிக் காசோ என்றால் வாழ்த்து அனுப்புவதில் தப்பில்லை. அரசு தரும் படியில் வாழ்த்து அச்சடிக்கக் கூடாது என்று அமெரிக்காவில் இருப்பது போன்ற விதி இங்கேயும் வேண்டும். தேர்தல் கடிதத்துக்கு மட்டும் இங்கே தெளிவான சட்டம் உண்டு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவுப்படி தேர்தல் துண்டறிக்கை, சுவரொட்டி எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். அட்டையின் அடியில் பொடி எழுத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் தேர்தல் அதிகாரியிடம் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்தாலும் அரசுச் செலவில் வருவது அரசுச் செலவுதான். 2024 மக்களவைத் தேர்தல் அறிவிப்புக்குப் பிறகு 'விக்சித் பாரத்' செய்தியோடு பிரதமரின் கடிதம் பலருக்கும் வாட்ஸ்அப்பில் வந்தபோது, அதை உடனே நிறுத்தும்படி மத்திய மின்னணுவியல் அமைச்சகத்துக்குத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது.

நான் பாகூர்க்காரன். பக்கத்து கிராமம் கடலூர் மாவட்டம், எங்களுடையது புதுச்சேரி. புதுச்சேரியில் நியமன எம்எல்ஏக்களும் இருக்கிறார்களே, யாருக்கு எழுதினால் வேலை நடக்கும்?
– விவசாயி, பாகூர்

உங்கள் தொகுதியில் ஜெயித்தவருக்கு எழுதுங்கள். புதுச்சேரிப் பேரவையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர், மத்திய அரசு மூன்று பேர் வரை நியமிக்கலாம். நியமனம் ஆனவர்களுக்குத் தொகுதி கிடையாது, அதனால் உங்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அவர்கள் மேல் வைக்க முடியாது.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, தொகுதி சின்னது. ஏறக்குறைய பத்து லட்சம் வாக்காளர்களை 30-ஆல் வகுத்தால் தொகுதிக்கு முப்பதாயிரத்துச் சொச்சம்தான் வரும். இத்தனை பேருக்கும் ஒரு போஸ்ட் கார்டு போட்டால் பதினைந்து, பதினாறாயிரம் ரூபாய். வருஷத்துக்கு ஒரு முறை, பேரவையில் என்ன பேசினேன், தொகுதி நிதியில் எந்தத் தெருவுக்கு எவ்வளவு செலவானது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கணக்கு எழுதி அனுப்புவது இங்கே முடியக்கூடிய காரியம். முடியும் என்றால் செய்யத்தான் வேண்டும். உங்கள் அடுத்த கடிதத்தில் இதையும் கேளுங்கள்.

காரைக்கால், மாஹே, ஏனாம் வாசகர்களுக்கும் இதையே சொல்வேன். தலைநகரிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்குத்தான் கடிதம் ரொம்ப அவசியம். மாஹேயிலிருந்து புதுச்சேரிக்கு ஒருவர் மனுவைத் தூக்கிக்கொண்டு வந்து போக எவ்வளவு நேரம், எவ்வளவு பணம்?

முன்பெல்லாம் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டை வாங்கி வைப்பேன். இப்போது பதிவுத் தபாலே இல்லை என்கிறார்களே?
– வாசகர், கடலூர் முதுநகர்

2025-ல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள். விரைவுத் தபாலிலேயே பதிவு என்று கேட்டு 5 ரூபாய் கூடுதலாகக் கட்டினால், உரியவரிடமோ அவர் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் தருவார்கள். 50 கிராமுக்குள் என்றால் உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47, வரி தனி. ரசீதில் இருக்கும் எண்ணை வைத்துப் போய்ச் சேர்ந்த தேதியைப் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து உங்கள் நகலோடு பின் செய்து வையுங்கள். எல்லாக் கடிதத்துக்கும் இது தேவையில்லை. முதல் கடிதத்தைச் சாதாரணத் தபாலில் போடுங்கள், பதில் வராமல் நினைவூட்டும்போது இதில் போடுங்கள்.

ஒரே வாசகம் அச்சடித்த போஸ்ட் கார்டை ஆயிரம் பேர் அனுப்பும் போராட்டம் நடத்தப் போகிறோம். பலன் இருக்குமா? வாட்ஸ்அப் போதாதா?
– இளைஞர் மன்றத்தினர், குறிஞ்சிப்பாடி

பத்திரிகையில் படம் வரும், அதுவும் ஒரு பலன்தான். ஆனால் ஆயிரம் கார்டும் ஒரே வாசகம் என்றால் அலுவலகத்தில் முதல் கார்டைப் படித்துவிட்டு மற்றதைக் கட்டிவைத்துவிடுவார்கள், பதிலும் ஒன்றே வரும், அதுவும் வந்தால். அதற்குப் பதில் இருபது பேர் உட்கார்ந்து அவரவர் கையெழுத்தில், அவரவர் வீட்டுக்கு நடந்ததை எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் ராத்திரி டாக்டர் இல்லை என்று எல்லோரும் எழுதுவதைவிட, எந்த ராத்திரி, யாருக்கு என்ன ஆனது, எவ்வளவு தூரம் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள் என்று ஒரு அம்மா எழுதும் ஒரு பக்கம் பேரவையில் அப்படியே எழுந்து படிக்கக்கூடியது. உறுப்பினருக்கும் பேசுவதற்கு விஷயம் வேண்டுமே, அதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

வாட்ஸ்அப் அவசரத்துக்கு நல்லது. புயல், வெள்ளம் என்றால் அதில்தான் அனுப்ப வேண்டும், 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது கடலூர் இருந்த நிலையில் கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் இரட்டை நீல டிக் பதில் இல்லை. யார் பார்த்தார்கள் என்பதுகூட அதில் தெரியாது. எண் மாறினால் எல்லாம் போச்சு.

எம்எல்ஏ பதிலே தரவில்லை. சட்டமன்றத்துக்கே நேரடியாக எழுத முடியுமா?
– வாசகி, விருத்தாசலம்

முடியும். தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைக்கு மனுக்கள் குழு என்று ஒன்று இருக்கிறது, எம்எல்ஏக்களே அதன் உறுப்பினர்கள். அவர்கள் மாவட்டங்களுக்கு வருவார்கள், வருவதற்கு முன் கலெக்டர் அலுவலகம் மனு கேட்டுச் செய்திக்குறிப்பு கொடுக்கும். பத்திரிகையில் மூலையில் சின்னதாக வரும், அதனால் விட்டுவிடுகிறோம். மனு தமிழில், தேதியும் கையெழுத்தும் போட்டு, ஐந்து நகல் தர வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை. பல வருஷமாகத் தீராத பொதுப் பிரச்சினை என்றால் எடுத்துக்கொள்வார்கள். கோர்ட்டில் இருக்கும் விஷயம், வேலை கேட்பது, பட்டா, முதியோர் ஓய்வூதியம், வங்கிக் கடன் இவற்றை எடுக்க மாட்டார்கள், அவற்றுக்குத் திங்கள்கிழமை கலெக்டர் குறைதீர்க்கும் நாள்தான் இடம். குழு எடுத்துக்கொண்ட மனு என்றால் சம்பந்தப்பட்ட அதிகாரி குழு முன்னால் வந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் பத்தாம் வகுப்பு. எனக்கு ஓட்டு இல்லை. பள்ளி விடும் நேரத்துக்கு பஸ் இல்லாததால் தினமும் கூட்டமாக நிற்கிறோம். நான் எழுதினால் எம்எல்ஏ படிப்பாரா?
– மாணவி, திட்டக்குடி பக்கம்

எழுதும்மா. எம்எல்ஏ ஓட்டுப் போட்டவர்களுக்கு மட்டும் பிரதிநிதி இல்லை, தொகுதியில் இருக்கும் எல்லோருக்கும்தான், உனக்கும்தான். பஸ் எண் என்ன, எத்தனை மணிக்குப் போய்விடுகிறது, பள்ளி எத்தனை மணிக்கு விடுகிறது, உங்கள் நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறீர்கள், அடுத்த பஸ் எப்போது என்று ஒரு வாரம் குறித்து வைத்துக்கொள். அதை அப்படியே எழுது, எத்தனை நிமிஷம் தள்ளி எடுத்தால் உங்களுக்கு பஸ் கிடைக்கும் என்றும் எழுது. உன் பெயர், வகுப்பு, பள்ளி முகவரி போட்டு, கூட வரும் பிள்ளைகளிடமும் கையெழுத்து வாங்கு, வீட்டிலும் தலைமையாசிரியரிடமும் சொல்லிவிட்டு அனுப்பு. உங்கள் பக்கம் ஓடுவது விழுப்புரம் கோட்ட அரசுப் பேருந்து, அதனால் கடலூர் மண்டலப் பொது மேலாளருக்கு ஒரு நகல் போட்டுவிடு. பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு கார்டு எழுது, அடுத்த இதழில் போடுகிறோம். ஒரு மாதத்தில் வராவிட்டாலும் எழுது, அதையும் போடுகிறோம்.